பெண் பொறியாளர் கழகங்கள் பிறந்த கதை

1919-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற இரண்டு மாணவிகள், நாடெங்கும் இருந்த பொறியியல் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். ஒருவர் பெயர் லூ ஆல்ட்டா மெல்ட்டன். மற்றவர் ஹில்டா கௌண்ட்ஸ். அவர்கள் கேட்ட கேள்வி மிக எளியது. உங்கள் கல்லூரியில் பொறியியல் படிக்கும் பெண்கள் யாரேனும் உண்டா? படித்து முடித்தவர்கள் உண்டா?

பதில்கள் வந்தன. சில கல்லூரிகள் தம் மாணவிகளின் பெயர்களை அனுப்பின. சில கல்லூரிகள் கையை விரித்தன. ஒரு பல்கலைக்கழகம், பெண்கள் இப்போது இல்லை, இதற்கு முன்பும் இருந்ததில்லை, அண்மைக் காலத்தில் வருவார்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை என்று பதில் எழுதியது. மூன்று காலத்துக்கும் சேர்த்து ஒரே வரியில் கதவை அடைத்த பதில் அது!

இவர்கள் ஏன் இந்த வேலையில் இறங்கினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் முப்பது நாற்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண்ணாக உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் காரணம் முழுவதும் விளங்கும். பொறியியல் தனியாகப் படித்துவிடக்கூடிய படிப்பன்று. நில அளவைக்குப் போனால் ஒருவர் தியோடலைட்டில் கண் வைக்க, மற்றொருவர் தொலைவில் அளவுகோலைப் பிடித்து நிற்க வேண்டும். பட்டறையிலும் ஆய்வகத்திலும் அப்படித்தான். கூட்டாளி கிடைக்காதவருக்குப் பாதிப் படிப்பு கிடைக்காமலே போகும். தன்னைப் போல் இன்னொருத்தி எங்கோ ஒரு கல்லூரியில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வதே அன்று பெரிய துணையாக இருந்திருக்கும்.

அவர்களுடன் எல்சி ஈவ்ஸ் என்ற கட்டடப் பொறியியல் மாணவியும் சேர்ந்துகொண்டார். பெண் பொறியாளர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்குமாக ஒரு சங்கம் அமைக்க மூவரும் முயன்றார்கள். உறுப்பினர் ஆகக்கூடியவர்களின் தொகையே மிகச் சிறியது, சங்கம் நிலைக்கவில்லை. ஆனால் அந்த மாணவிகள் நிலைத்தார்கள். எல்சி ஈவ்ஸ் 1927-இல் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கத்தில் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். அவர்கள் சேர்த்த கடிதங்களும் அழியவில்லை. அவை இன்று டெட்ராய்ட் நகரில் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

அதே 1919-இல் அட்லாண்டிக் கடலின் அக்கரையில், இங்கிலாந்திலும் பெண்கள் பொறியியல் சங்கம் ஒன்று தோன்றியது. முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளில் கடைசல் எந்திரம் ஓட்டிய பெண்களைப் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை ஏற்க மறுத்தவர்கள் தொடங்கிய சங்கம் அது. நூறாண்டுகளைக் கடந்தும் அது இயங்குகிறது.

இரண்டாம் உலகப் போரில் இதே கதை மீண்டும் நடந்தது. 1943-இல் கர்ட்டிஸ்-ரைட் என்ற அமெரிக்க விமானத் தொழில் நிறுவனம், ஏழு பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கணக்கான பெண்களுக்குப் பத்து மாதங்களில் விமானப் பொறியியலின் அடிப்படைகளைக் கற்பித்தது. பெண்களால் கணக்கும் வரைபடமும் எந்திரவியலும் கற்க முடியுமா என்ற ஐயம் அந்தப் பத்து மாதங்களுக்கு மட்டும் எங்கோ மறைந்திருந்தது! போர் முடிந்தது, ஐயமும் திரும்பி வந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களால் கல்லூரிகள் நிரம்பின. பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று.

அந்தச் சூழலில்தான் பிலடெல்பியாவில் டிரெக்சல் கல்லூரி மாணவிகள் 1946-இல் தங்களுக்குள் ஒரு கழகம் அமைத்தார்கள். அன்றைய நிலையைக் காட்ட ஒரு செய்தி போதும். டௌ பீட்டா பை என்பது சிறந்த பொறியியல் மாணவர்களுக்கான மதிப்புக் கழகம். மதிப்பெண்ணில் முன்னணியில் நின்ற பெண்ணுக்கு அது ஒரு தனிப் பதக்கம் கொடுக்கும், உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாது. 1969 வரை இதுதான் நடைமுறை.

டிரெக்சல் மாணவிகள் 1949 ஏப்ரலில் ஒரு மாநாடு கூட்டினார்கள். பத்தொன்பது கல்லூரிகளிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட மாணவிகள் வந்தார்கள். கொலராடோ மாணவிகள் கடிதத்தில் தேடியவர்களை, முப்பது ஆண்டுகள் கழித்து ஒரே கூடத்தில் காண முடிந்தது. மறு ஆண்டு 1950 மே 27 அன்று, நியூ ஜெர்சியில் கூப்பர் யூனியன் கல்லூரிக்குச் சொந்தமான முகாம் ஒன்றில் ஏறக்குறைய 65 பெண்கள் கூடி, 'பெண் பொறியாளர் கழகம்' என்ற தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் பியாட்ரிஸ் ஹிக்ஸ்.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இந்த அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அவருக்கு 13 வயதானபோது, பொறியாளரான தந்தை அவரை எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தையும் காண அழைத்துச் சென்றார். இவற்றையெல்லாம் யார் கட்டுகிறார்கள் என்று சிறுமி கேட்டாள். பொறியாளர்கள் என்று விடை வந்தது. அன்றே அவள் மனம் அந்தத் தொழிலில் பதிந்துவிட்டது.

பின்னாளில் அவர் வடிவமைத்த கருவிகளுள் பெயர் பெற்றது வாயு அடர்த்தி விசை. மூடிய கலம் ஒன்றில் வாயு இருப்பதாகக் கொள்ளுங்கள். அதை வெயிலில் வைத்தால் அழுத்தம் ஏறும். நிழலில் வைத்தால் இறங்கும். ஆனால் உள்ளே உள்ள வாயு ஒரு கிராம்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அழுத்தத்தை மட்டும் பார்க்கும் விசை இங்கே ஏமாந்துபோகும். வாயு கசியாதபோதும் கசிவதாக எச்சரிக்கும். வெப்பநிலையால் வரும் மாறுதலை ஈடுசெய்து, அடர்த்தி குறைந்தால் மட்டும் இயங்கும் விசை ஒன்று வேண்டும். நீங்கள் பள்ளியில் படித்த வாயு விதிதான் இதன் அடிப்படை. ஹிக்ஸ் உருவாக்கிய விசை பின்னர் அமெரிக்க விண்வெளித் திட்டத்திலும் பயன்பட்டது. இன்றைய துணைமின் நிலையங்களில் வாயு நிரப்பிய மின்முறிப்பான்களைக் கண்காணிக்கவும் இதே தத்துவம் உதவுகிறது.

துணைமின் நிலையம் என்றதும் நம் ஊரின் நினைவு வருகிறது. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 1943-இல் தேறிய அ. லலிதாவை நீங்கள் அறிந்திருக்கலாம். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். மகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் விடுதியில் அவர் தனியாக இருந்தார். பிற பெண்களும் சேரலாம் என்று கல்லூரி அறிவித்தது. லீலாம்மா, திரேசியா என்ற இருவர் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா கல்கத்தாவில் பணியாற்றினார். பக்ரா-நங்கல் அணையிலிருந்து மின்சாரம் கொண்டுசெல்லும் தடங்களின் வடிவமைப்பில் அவருக்குப் பங்கு உண்டு.

ஹிக்ஸ் தொடங்கிவைத்த கழகம் 1964 ஜூன் மாதம் நியூயார்க்கில் பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாட்டை நடத்தியது. 35 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 500 பேர் வந்திருந்தார்கள். இந்தியாவில் அப்படி ஒரு கழகம் அன்று இல்லை. லலிதா தனியாகவே சென்று கலந்துகொண்டார். திரும்பி வந்தபின் அவர் சும்மா இருக்கவில்லை. 1967-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இரண்டாம் மாநாடு கூடியபோது, அவருடைய முயற்சியால் இந்தியாவிலிருந்து ஐந்து பெண்கள் சென்றார்கள். விடுதியில் தனித்திருந்து பார்த்தவருக்கு அதன் அருமை தெரியாதா?

கழகங்கள் தோன்றின, மாநாடுகள் கூடின. ஆயினும் எண்ணிக்கை எளிதில் அசையவில்லை. 1970-இல் அமெரிக்காவில் பொறியியல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதற்கு முந்திய ஆண்டுதான் பர்டியூ பல்கலைக்கழகம், பெண் பொறியியல் மாணவிகளுக்கென்றே ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அந்நாட்டில் இவ்வகையில் முதன்மையானது அதுவே. பர்டியூவுக்கு இதில் பழைய மரபும் உண்டு. விமானி அமீலியா இயர்ஹார்ட் 1935 முதல், 1937-இல் பசிபிக் கடல்மேல் மறையும் வரை, அங்கு மாணவிகளுக்கு ஆலோசகராக இருந்தார்.

பட்டம் பெற்றவர்கள் கூடிப் பேசினால் மட்டும் போதாது, பள்ளிச் சிறுமிகளிடம் போக வேண்டும் என்ற எண்ணம் இந்தக் காலத்தில் வலுப்பட்டது. பல்கலைக்கழக மாணவிகள் பள்ளிகளுக்குச் சென்றார்கள். சிறுமிகளைத் தங்கள் ஆய்வகத்துக்கு அழைத்து வந்தார்கள். காகிதத்தில் பாலம் கட்டி அதன்மேல் எடை ஏற்றுவது, மின்கலமும் சிறு விளக்கும் கொண்டு சுற்று அமைப்பது போன்ற எளிய வேலைகளைச் செய்யவைத்தார்கள். 2001 முதல் பிப்ரவரியில் வரும் பொறியாளர் வாரத்தில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். இம்முயற்சிகள் யாவும் நன்றாகவே நடந்தன என்று சொல்லிவிட முடியாது. 2012-இல் ஐரோப்பிய ஆணையம், சிறுமிகளை அறிவியலுக்கு இழுக்க உதட்டுச்சாயமும் குதியுயர்ந்த செருப்புமாக ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. கடுங்கண்டனம் எழவே அதைத் திரும்பப் பெற்றார்கள். பாலம் கட்டத் தெரிந்த சிறுமிக்கு உதட்டுச்சாயம் எதற்கு?

இத்தகைய முயற்சிகளால் உண்மையில் பயன் உண்டா? சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பொறியியலில் சேர்ந்த 150 மாணவிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினருக்கு மேல்வகுப்பு மாணவி ஒருவர் வழிகாட்டி. மற்றொரு குழுவினருக்கு மேல்வகுப்பு மாணவர். மூன்றாம் குழுவுக்கு வழிகாட்டியே இல்லை. முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. முதலாண்டு முடிவில், பெண் வழிகாட்டி பெற்றவர்களில் ஒருவர்கூடப் பொறியியலை விட்டு விலகவில்லை. வழிகாட்டி இல்லாதவர்களில் நூற்றுக்கு 11 பேரும், ஆண் வழிகாட்டி பெற்றவர்களில் 18 பேரும் விலகியிருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது மற்றொன்று. நின்றவர்களும் விலகியவர்களும் மதிப்பெண்ணால் வேறுபடவில்லை. 'இது எனக்கும் உரிய இடம்' என்ற உணர்வும் தன்னம்பிக்கையும்தான் வேறுபாட்டை உண்டாக்கின. எனக்கு இது வியப்பாக இருந்தது. மாணவி ஒருத்தி பாடத்தை விட்டுப் போனால் கணக்கு வரவில்லை போலும் என்று எண்ணுவதே எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வழக்கம்.

என் செய்முறை வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். மின்னழுத்தமானிச் சோதனையில் ஒரு மேசைக்கு மூவர். கம்பிகளை இணைப்பதும் தொடுவானை நகர்த்துவதும் பையன்கள். கால்வனாமீட்டரின் முள்ளைப் பார்த்து அளவீட்டைக் குறிப்பேட்டில் எழுதுவது பெண். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆறேழு ஆண்டுகள் இதைப் பார்த்துக்கொண்டே மேசைக்கு மேசை நடந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. ரெக்கார்டு நோட்டில் பெண்களின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டியும் இருக்கிறேன்! இப்போது ஒவ்வொரு வாரமும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன்.

கல்லூரி வரை காத்திருப்பதுகூடத் தாமதம்தானோ என்று ஐயுற வைக்கும் ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1960-களிலும் 1970-களிலும் 4,807 குழந்தைகளிடம் தாளைக் கொடுத்து, ஓர் அறிவியலாளரை வரையச் சொன்னார். பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். இதே சோதனை அமெரிக்காவில் பலமுறை செய்யப்பட்டது. அவற்றையெல்லாம் தொகுத்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 1980-களுக்குப் பின் நடந்த சோதனைகளில் சராசரியாக நூற்றுக்கு 28 குழந்தைகள் பெண்ணை வரைந்திருந்தார்கள். இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிந்தது. ஆறு வயதுச் சிறுமிகள் வரைந்த படங்களில் நூற்றுக்கு 70 அளவில் பெண் அறிவியலாளர்களே இருந்தார்கள். பதினாறு வயதுப் பெண்கள் வரைந்த படங்களில் அது 25 அளவுக்கு இறங்கிவிட்டது. அந்தப் பத்து ஆண்டுகளையும் அவர்கள் பள்ளியில்தான் கழித்திருந்தார்கள்.