எவாக்குவேஷன் வருஷமும் பூண்டி ஏரியும்

நவம்பர் வந்தால் எனக்கு ஒரு வியாதி. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, பூண்டி ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று மொபைலில் பார்ப்பேன். முழுக் கொள்ளளவு 35 அடி. 34-ஐத் தாண்டினால் அப்புறம் தூக்கம் கிடையாது. "நீங்க முழிச்சிருந்தா தண்ணி இறங்கிடுமா?" என்று மனைவி கேட்டாள். பதில் இல்லை. வழக்கம்போல் சரித்திரத்தில் போய்த் தேடினேன்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியரிடம் விழுந்தன. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு. 6-ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ஆம் தேதி திருகோணமலை. அடுத்து சென்னைதான் என்று அரசாங்கமே நம்பியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. மிருகக்காட்சிசாலை அப்போது பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று கொடிய மிருகங்களைச் சுட்டே கொன்றுவிட்டார்கள். ஜனங்கள் கிடைத்த ரயிலில் ஏறினார்கள். அரக்கோணம் பக்கம் போன ரயில்களெல்லாம் எங்கள் செவ்வாப்பேட்டையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். என் பாட்டி சாகும்வரை அதை 'எவாக்குவேஷன் வருஷம்' என்றுதான் சொல்வார்.

ஜப்பான் கப்பல்கள் வரவே இல்லை. திருகோணமலைத் தாக்குதலோடு அந்தப் படை திரும்பிவிட்டது. சென்னைக்கு அது தெரியாது. ஊர் மெல்லத் திரும்பிய பிறகு, 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. சேதம் சொற்பம்.

இதைப் படித்துச் சிரிப்பது சுலபம். ஆனால் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் நிஜமாகவே சென்னையைச் சுட்டு, எண்ணெய் டாங்கிகளை எரித்திருக்கிறது. பயத்தில் தப்பில்லை. கொழும்பிலும் பயந்தார்கள். பயந்ததால்தான் தாக்குதலுக்கு முன்பே துறைமுகத்திலிருந்து பல கப்பல்களை வெளியே அனுப்பினார்கள், இழப்பு குறைந்தது.

2004 சுனாமிக்கு எச்சரிக்கையே இல்லை. 2012 ஏப்ரல் 11 சுமத்ரா பூகம்பத்தின்போது எச்சரிக்கை வந்தது, கடற்கரையிலிருந்து ஜனங்கள் விலகினார்கள், பெரிய அலை எதுவும் வரவில்லை. அன்று மாலையே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். 1942-க்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். சாஃப்ட்வேரில் நாங்கள் அடிபட்டுக் கற்ற பாடமும் இதுவே: அலாரம் அடித்தால் என்ன செய்யணும் என்று எழுதியிருக்கணும், எப்போது நிறுத்தணும் என்றும் எழுதியிருக்கணும். இல்லாவிட்டால் அது வெறும் சத்தம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காக மேயர் சத்தியமூர்த்தி பாடுபட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940 ஆகஸ்ட்டில் ஆளுநர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். 1944 ஜூனில் அவரே திறந்தும் வைத்தார். நடுவில்தான் அந்த ஏப்ரல். ஊரே ஓடிய வருஷத்தைத் தாண்டியும் அணை எழும்பியிருக்கிறது. 1943-லேயே காலமான சத்தியமூர்த்தி அதைப் பார்க்கவில்லை.

நான் ராத்திரி பயந்து பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஏரியைத்தான்!

இந்த வருஷம் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மாடி அலமாரியில் வைத்தாச்சு. டார்ச், ரெண்டு கேன் தண்ணீர், அம்மாவின் மாத்திரை ஒரு வாரத்துக்கு. உபரி நீர் திறப்பு அறிவிப்பு வந்தால் யார் யாருக்குப் போன் செய்யணும் என்று ஒரு பட்டியல். ஏரி மட்டம் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ராத்திரி மொபைல் கூடத்தில் கிடக்கும், அறிவிப்புச் சத்தம் மட்டும் போட்டிருக்கும்.

நேற்று நல்ல மழை. ஒரு தடவை எழுந்தேன், ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.