பல்லுறையும் கூச்சமும்

சிதைந்த பல்லைச் சீவி அதன்மேல் கவிக்கப்படும் பல்லுறை, அதாவது பேச்சுவழக்கில் ‘கேப்’ எனப்படும் மூடி, தொடக்கத்தில் உயிருள்ள பல்லுக்கு உரியதாக இருக்கவில்லை. 1728இல் பாரிசில் வெளியான பியர் ஃபோஷாரின் நூல் விவரிக்கும் முறையில், செயற்கைப் பல் எஞ்சிய வேரின் துளைக்குள் தண்டு கொண்டு பொருத்தப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெட்ராய்ட்டின் சார்லஸ் ஹென்றி லேண்ட் பீங்கான் உறையை உருவாக்கி, நரம்பை அகற்றாமலே பல்லை மூடும் வழியைப் பரப்பியபோது, சிகிச்சைக்குப் பிந்தைய கூச்சமும் உடன் வந்தது. உறையை ஒட்டப் பயன்பட்ட துத்தநாக பாஸ்பேட், குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் துத்தநாக ஆக்சைடுத் தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் சிறிதுசிறிதாகக் குழைத்துச் செய்யப்படுவதாகையால், அதன் தொடக்க அமிலத்தன்மையே வலிக்குக் காரணமென நெடுங்காலம் கருதப்பட்டது. 1957இல் வந்த அதிவேகக் காற்றுச்சுழலித் துளைப்பான் பணியை விரைவாக்கினாலும், உராய்வு வெப்பம் பற்கூழை, அதாவது நரம்பும் குருதிநாளமும் அடங்கிய உட்திசுவை, தாக்காதிருக்க நீர்த்தெளிப்பு இன்றியமையாததாயிற்று. 1960களில் சுவீடனின் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம், எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினின் நுண்குழாய்களில் திரவம் அசைவதே நரம்பைத் தூண்டுகிறது என்பதைச் சோதனைகளால் வலுப்படுத்தினார். 1968இல் டெனிஸ் ஸ்மித் பற்கூழை அதிகம் உறுத்தாத பாலிகார்பாக்சிலேட் ஒட்டுப்பசையை அறிமுகப்படுத்தினார். ஆயினும், பசை எதுவாயினும், உறை சற்றே உயர்ந்து நின்றால் கடிக்கும்போது வலிக்கும் என்பதால், நிறத்தாளைக் கடிக்கச்செய்து, அழுத்தமாகப் பதியும் இடத்தைத் தேய்த்துச் சமன்செய்யும் எளிய வழக்கம் இன்றும் நீடிக்கிறது.