அறிதிறன் நலமும் கணினிக் கருவிகளும்: ஒரு வரலாறு

நினைவு, கவனம், மொழி, கணக்கு, வழியறிதல், திட்டமிடல் முதலிய மூளைச் செயல்களைச் சேர்த்து அறிதிறன் என்பர். முதுமை, நோய், தலைக்காயம் ஆகியவற்றால் இத்திறன் குறையலாம். எவ்வளவு குறைந்துள்ளது என்று அளப்பதற்கும், குறைந்தவருக்குத் துணை செய்வதற்கும் 1980-கள் முதல் கணினி வழிக் கருவிகள் உருவாகி வந்துள்ளன. தொடுதிரைச் சோதனைகள், மூளைப் பயிற்சி விளையாட்டுகள், நினைவூட்டும் கருவிகள் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஒருவருக்கு மறதிநோய் இருக்கலாம் என்ற ஐயம் எழுவதும் எழாமல் போவதும் பல நேரங்களில் இத்தகைய ஒரு சோதனையின் மதிப்பெண்ணைப் பொறுத்தது. அதனால் மனிதரைச் சோதிக்கும் கருவி எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டது என்பது இவ்வரலாறு முழுவதும் தொடரும் கேள்வியாக உள்ளது.

தாளும் பென்சிலும்

1975-இல் அமெரிக்க மருத்துவர்களான மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ ஆகியோர் சிறு மனநிலைச் சோதனை ஒன்றை வெளியிட்டனர். மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, இது எந்த ஊர் என்ற கேள்விகள், மூன்று சொற்களை நினைவில் வைத்துச் சொல்லுதல், 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், ஒரு வடிவத்தைப் பார்த்து வரைதல் ஆகியவை அதில் இருந்தன. சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் அது உலகெங்கும் பரவியது. 24-க்குக் கீழே மதிப்பெண் பெற்றவரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று.

2005-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் சியாத் நஸ்ரெதீனும் அவரது குழுவினரும் மற்றொரு 30 மதிப்பெண் சோதனையை வெளியிட்டனர். முந்தைய சோதனையில் பிடிபடாத தொடக்க நிலைக் குறைபாடுகளைக் கண்டறிவது இதன் நோக்கம்.

பள்ளிப்படிப்பு என்னும் சிக்கல்

1993-இல் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு, 1975-ஆம் ஆண்டுச் சோதனையின் பெரிய குறையைக் காட்டியது. ஒன்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ பள்ளியில் படித்தவர்களின் இடைநிலை மதிப்பெண் 29. நான்கு ஆண்டுகள் வரை மட்டும் படித்தவர்களுக்கு, பள்ளிக்கே போகாதவர்களையும் சேர்த்து, அது 22. பள்ளியில் அதிகம் படிக்காத பொதுமக்களில் பாதிப்பேருக்கு மேல் எந்த நோயும் இல்லாமலேயே ஐயத்துக்குரியவர்களாகக் கருதப்படும் நிலை இருந்தது. எழுதுவதும் கழிப்பதும் மூளையின் நலத்தை மட்டுமல்ல, பள்ளியில் கழித்த ஆண்டுகளையும் சேர்த்தே அளந்தன. மாண்ட்ரியல் சோதனையில் 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தரும் விதி சேர்க்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

இச்சிக்கலுக்கு அடிப்படையிலேயே வேறொரு தீர்வு இந்தியாவில் காணப்பட்டது. அரியானா மாநிலத்தின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் முதியோரிடையே மறதிநோயை ஆராய்ந்த இந்திய அமெரிக்கக் குழு, 1995-இல் இந்தி மொழிக்கான மனநிலைச் சோதனையை வெளியிட்டது. மேரி கங்குலி இதன் முதன்மை ஆய்வாளர். அங்கே முதியோரில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆகவே கேள்விகளை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், எழுத்தறிவு தேவைப்பட்ட பகுதிகளையே மாற்றினர். மூலச் சோதனையில் 'கண்களை மூடுங்கள்' என்று எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். புதிய வடிவத்தில் சோதிப்பவர் கண்களை மூடிக் காட்டுவார். எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துச் செய்தால் போதும்.

தொடுதிரையின் வருகை

1980-களின் நடுவில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டிரெவர் ராபின்ஸ், பார்பரா சஹாக்கியன் முதலியோர் 'கேன்டாப்' என்ற கணினிச் சோதனைத் தொகுப்பை உருவாக்கினர். விலங்குகளின் நினைவையும் கற்றலையும் ஆராயப் பயன்பட்ட சில முறைகள் இதற்கு அடிப்படையாயின. அதனால் பல சோதனைகளுக்கு மொழி அதிகம் தேவைப்படவில்லை. அவற்றுள் ஒன்றில் திரையில் சில பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். சிலவற்றில் ஒரு வடிவம் தெரியும். பிறகு அவ்வடிவம் திரையின் நடுவில் தோன்றும்போது, அது இருந்த பெட்டியைத் தொட்டுக் காட்ட வேண்டும். அல்சைமர் நோயின் தொடக்கத்தில் பாதிக்கப்படும் நினைவு வகையை இச்சோதனை நன்கு வெளிக்காட்டுவதாக ஆய்வுகள் தெரிவித்தன.

கணினியால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. சோதிப்பவரின் குரலும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். கணினி எல்லோரிடமும் ஒரே முறையில் கேட்கும். விடை சரியா தவறா என்பதோடு, விடை சொல்ல எடுத்த நேரத்தையும் மில்லி விநாடிக் கணக்கில் பதியும்.

பழைய சோதனைகளுக்குள்ளும் கணினி புகுந்தது. தாளில் கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வது மருத்துவர்களின் நெடுநாள் வழக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ராண்டல் டேவிஸும் நரம்பியல் உளவியலாளர் டானா பென்னியும் கூட்டாகச் செய்த ஆய்வில், பேனாவின் அசைவை நொடிக்குப் பலமுறை பதியும் மின்னணுப் பேனா பயன்பட்டது. வரைந்த படம் சரியாக இருந்தாலும், முள்ளை வரையும் முன் கை எவ்வளவு நேரம் தயங்கி நின்றது என்பது இப்போது தெரிந்தது.

ஆயினும் பள்ளிப்படிப்புச் சிக்கல் கணினியால் தீர்ந்துவிடவில்லை. தொடுதிரையைக் கையாண்டு பழகாத முதியவர் தாமதிப்பது மறதியாலா, பழக்கமின்மையாலா என்ற புதிய ஐயம் அதனுடன் வந்தது.

மூளைப் பயிற்சியும் சர்ச்சையும்

2005 மே மாதம் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், தொஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூத்தா கவாஷிமாவின் பெயரோடு ஒரு மூளைப் பயிற்சி விளையாட்டை வெளியிட்டது. விரைவுக் கணக்கு, உரக்க வாசித்தல் போன்ற பயிற்சிகளின் முடிவில் ஆடுபவரின் 'மூளை வயது' திரையில் தோன்றும். ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பிரதிகள் விற்றன. இணையத்திலும் லுமோசிட்டி போன்ற சேவைகள் தோன்றின.

விற்பனைக்கு ஈடான சான்று அப்போது இல்லை. 2010-இல் ஏட்ரியன் ஓவன் தலைமையிலான குழு 11,430 பேருக்கு ஆறு வாரம் கணினிப் பயிற்சி தந்து ஆராய்ந்தது. பயின்ற விளையாட்டில் அவர்கள் தேறினர். பயிலாத சோதனைகளில் அந்தத் தேர்ச்சி தெரியவில்லை. 2014 அக்டோபரில் சுமார் 70 அறிவியலாளர்கள், இவ்விளையாட்டுகளின் விளம்பரங்கள் சான்றுகளை மீறுகின்றன என்று கூட்டறிக்கை வெளியிட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் 100-க்கும் மேற்பட்டோர் இதை மறுத்து எதிர் அறிக்கை தந்தனர். 2016 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், முதுமை மறதி குறித்த மக்களின் அச்சத்தை லுமோசிட்டி பயன்படுத்திக்கொண்டது என்று குற்றம்சாட்டியது. அதைத் தீர்த்துக்கொள்ள நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

இதனால் எல்லாப் பயிற்சியும் வீண் என்று முடிவு கட்டவும் இடமில்லை. 'ஆக்டிவ்' என்ற அமெரிக்க ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,800-க்கும் அதிகமானோர் கலந்துகொண்டனர். நினைவு, தர்க்கம், பார்வை வேகம் ஆகிய மூன்றில் ஒரு பயிற்சி ஒவ்வொரு குழுவுக்கும் தரப்பட்டது. நான்காம் குழுவுக்குப் பயிற்சி இல்லை. 2002-இல் வந்த முதல் முடிவின்படி, ஒவ்வொரு பயிற்சியும் தனக்குரிய திறனை மட்டுமே வளர்த்தது. பத்தாண்டுக்குப் பின் பயிற்சி பெற்ற மூன்று குழுவினரும் அன்றாட வேலைகளில் தமக்குச் சிரமம் குறைவு என்றனர். கணினியில் தரப்பட்ட வேகப் பயிற்சி பெற்றவர்களிடையே மறதிநோய் குறைவாக இருந்ததாக 2017-இல் ஒரு பகுப்பாய்வு கூறியது. அதில் மறதிநோய் முழு மருத்துவப் பரிசோதனையால் உறுதிசெய்யப்படவில்லை என்பதால் விவாதம் தொடர்ந்தது.

நினைவுக்குத் துணை

திறனை வளர்க்க முயலாமல், குறைந்த திறனின் வேலையைக் கருவியே ஏற்றுக்கொள்ளும் வழியும் உண்டு. விபத்தில் தலைக்காயமுற்ற தம் மகனுக்கு உதவ, கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் லாரி டிரெட்கோல்ட், உளவியலாளர் நீல் ஹெர்ஷுடன் சேர்ந்து 'நியூரோபேஜ்' என்ற முறையை உருவாக்கினார். இடுப்பில் அணியும் பேஜருக்கு, 'மருந்து சாப்பிடவும்' போன்ற செய்திகள் உரிய நேரத்தில் கணினியிலிருந்து வரும். இங்கிலாந்தில் பார்பரா வில்சனும் குழுவினரும் நினைவுக் குறைபாடுள்ள 143 பேரிடம் இதைச் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டனர். 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பேஜருடன் தம் அன்றாட வேலைகளைக் கூடுதலாக நிறைவேற்றினர். மூளையை இளமையாக்குவதாக அது வாக்குறுதி எதுவும் தரவில்லை. இன்று கைபேசியின் நினைவூட்டி அதே பணியைச் செய்கிறது.

பெருந்திரள் ஆய்வுகள்

2016-இல் வெளியான 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற கைபேசி விளையாட்டை 40 லட்சம் பேருக்கும் மேல் ஆடினர். படகில் வழி கண்டறிந்து செல்வதே ஆட்டம். மறதிநோயின் தொடக்கத்தில் வழியறியும் திறன் குறைவதால், நலமாக உள்ளவர்களின் இயல்பான அளவைத் தொகுப்பது ஆய்வாளர்களின் நோக்கம். 38 நாடுகளைச் சேர்ந்த சுமார் 4 லட்சம் பேரின் தரவைக் கொண்டு 2022-இல் வெளியான கட்டுரை, ஒருவர் சிறுவயதில் வளர்ந்த ஊரின் தெரு அமைப்பும் அவருடைய மதிப்பெண்ணைப் பாதிக்கிறது என்று காட்டியது. நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாகக் கூடுதல் திறன் காட்டினர். பள்ளியைப் போலவே ஊரும் மதிப்பெண்ணுக்குள் இருந்தது.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடந்த 'லாசி-டாட்' என்ற தேசிய ஆய்வு, 1995-ஆம் ஆண்டின் இந்திச் சோதனையையும் தன் சோதனைத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. அதன் அடிப்படையில் 2023-இல் வெளியான மதிப்பீட்டின்படி, அவ்வயதினரில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் உள்ளது. இவ்வாய்வில் மதிப்பெண் மட்டும் முடிவாகக் கொள்ளப்படவில்லை. முதியவரின் சோதனை விவரங்களோடு, அவரை நன்கு அறிந்த உறவினர் ஒருவரிடம் கேட்டறிந்த செய்திகளும் தொகுக்கப்பட்டன. அவற்றை மருத்துவர்கள் இணையவழியில் தனித்தனியே பார்த்து மதிப்பிட்டனர். கருத்து வேறுபட்ட இடங்களில் கலந்து பேசி முடிவுக்கு வந்தனர்.