திமிங்கலம் பார்க்க ஐஸ்லாந்து போகணுமா? பக்கத்துலயே இருக்கு திருகோணமலை... எப்போ, எப்படிப் போகலாம்?

திமிங்கலம் பார்க்கும் சுற்றுலான்னா ஐஸ்லாந்து, நார்வேன்னு வடதுருவத்தை ஒட்டிய நாடுகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனா உலகத்தின் மிகப்பெரிய உயிரினமான நீலத் திமிங்கலத்தை, தமிழ் பேசும் ஊரான இலங்கையின் திருகோணமலையிலேயே பார்க்கலாம். கொல்லிமலை பெரக்கரை நாட்டிலிருந்து கிளம்பினாலும் போய்ச் சேர்ற தூரம்தான்.

ஏன் திருகோணமலை?

இங்கே கரையை ஒட்டியே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குது. அதனால திமிங்கலங்கள் கரைக்குப் பக்கத்திலேயே வருது. அதிர்ஷ்டம் இருந்தா கோணேஸ்வரம் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்றே பார்க்கலாம். மற்ற கடல்களின் நீலத் திமிங்கலங்கள் பலவும் இரை தேடி துருவக் கடல் பக்கம் போகும். இலங்கைக் கடலில் இருப்பவை வெப்பக் கடலிலேயே தங்கி, சின்னஞ்சிறு இறால்களைத் தின்று வாழ்பவை. நீளம், இரண்டு பஸ்ஸை வரிசையா நிறுத்தின மாதிரி!

எந்த மாசம் போகலாம்?

* திருகோணமலை: மார்ச் முதல் ஆகஸ்ட் வரை
* தெற்கே மிரிஸ்ஸ, வடமேற்கே கற்பிட்டி: நவம்பர் முதல் ஏப்ரல் வரை

காரணம் பருவமழை. தென்மேற்குப் பருவமழையில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்கு அமைதியா இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் அப்படியே தலைகீழ்.

எப்படிப் போவது?

நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழியா நாகப்பட்டினம் போனா, அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கு. பயணம் சுமார் 4 மணி நேரம். மழைக்காலத்தில் கப்பல் நிறுத்தப்படும் என்பதால் முன்கூட்டியே விசாரிச்சுக்கங்க. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் உண்டு. அங்கிருந்து வவுனியா வழியா திருகோணமலைக்கு 200 கி.மீ.க்கு மேல். பாஸ்போர்ட்டுடன், இ.டி.ஏ. எனும் பயண அனுமதியை ஆன்லைனில் எடுக்கணும். கட்டண விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடும் முன் பாருங்க.

படகில் ஏறும் முன்...

நிலாவெளி, உப்புவெளி கடற்கரைகளிலிருந்து அதிகாலையில் படகுகள் கிளம்பும். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீங்க. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுபவரா நீங்க? கடலிலும் சுற்றும். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கங்க.

முக்கியமா இதைக் கவனிங்க!

திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு போகக் கூடாதுங்கிறது 2012ல் வந்த இலங்கை அரசு விதி. ஆனா, 'கிட்டப் போங்கண்ணே'ன்னு பயணிகள் கேட்கும்போதுதான் விதி மீறப்படுது. நாலு படகு சூழ்ந்து துரத்தினா, திமிங்கலம் இரையை விட்டுட்டு ஆழத்துக்குப் போயிடும். அப்புறம் யாருக்கும் தரிசனம் கிடைக்காது. அதனால முன்பணம் கொடுக்கும் முன்பே, 'எவ்வளவு தூரத்துல நிறுத்துவீங்க?'ன்னு கேளுங்க. 'தொடுற தூரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்'னு சொன்னா, வேற படகு பாருங்க.

வால் தூக்கி முங்கினா நீலத் திமிங்கலம் மறுபடி மேலே வர பத்து நிமிஷம் வரை ஆகலாம். இன்ஜினை அணைச்சுட்டுக் காத்திருங்க. முதல்ல தெரியுறது பனை உயரத்துக்கு எழும்பும் மூச்சுக்காற்றுதான். போற எல்லா நாளும் திமிங்கலம் தெரியும்னு உத்தரவாதம் கிடையாது. முடிஞ்சா இரண்டு காலைப் பொழுதுகளை ஒதுக்கி வைங்க.