மூச்சும் பெயரும்: 'காரணம் தெரியாத' இளைப்பின் வரலாறு

'காரணம் தெரியவில்லை' என்பது மருத்துவ முடிவு போலச் சொல்லப்படுகிறது. பல சமயம் அது கேட்கப்படாத ஒரு கேள்வியின் மிச்சம். 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, ஹிப்போக்ரட்டிஸ் வழிவந்த கேள்விகளோடு ஒன்றைச் சேர்த்தார்: நீ என்ன வேலை செய்கிறாய்? அந்தக் கேள்வி நம் ஓ.பி. வரிசைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

இளைப்புக்குப் பெயர் கிடைப்பதிலும் அதிகாரம் இயங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் கண்ட மூச்சுத்திணறலுக்கும் படபடப்புக்கும், பெரும்பாலும் உறுப்பில் பழுது காணாமலேயே, 1871இல் டா கோஸ்டா 'எரிச்சலுறும் இதயம்' என்று பெயரிட்டார். முதல் உலகப் போரில் தாமஸ் லூயிஸ் அதற்கு வேறு பெயரிட்டு, படிப்படியான உடற்பயிற்சியும் வகுத்தார். படைக்கு ஆள் தேவை. காரணம் தெரியாதபோதும் பெயர் கிடைத்தது. கோலார் தங்கவயலுக்கு வட ஆர்க்காட்டிலிருந்து போனவர்களில் கணிசமானோர் தலித்துகள். அங்கு சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலில் படிந்த சிலிக்கா 1940களில் ஆராயப்பட்டது. அங்கே தங்கம் இருந்தது, சுரங்க நிர்வாகம் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது.

அம்பத்தூரின் சிறு பட்டறைக்கு இவை எதுவும் இல்லை. 1955இல் ஆவடி காங்கிரஸ் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் முளைத்தன. சிலிகோசிஸைக் கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் மின்விசையோடு 10 பேராவது வேலை செய்தால்தான் அச்சட்டத்தின்படி பொதுவாக அது 'தொழிற்சாலை'யாக இருந்தது. எட்டுப் பேர் பட்டறை சட்டத்தின் கண்ணில் படவேயில்லை. அங்கே உண்டாகும் இளைப்பும் படவில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் வார்ப்படப் பட்டறையில் பதினெட்டு வருஷம் ஃபெட்லிங் செய்தவர்: வார்ப்பில் ஒட்டிய மணலையும் பிசிறையும் அரைத்து எடுக்கும் வேலை. "மாடி ஏறினா மூச்சு வாங்குது சார்" என்று போனவரிடம் "பீடி குடிப்பியா?" என்று கேட்டார்கள். குடிப்பதில்லை. சளியில் கிருமியும் இல்லை. "ஒண்ணும் இல்ல, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். மணலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவர் சமாளிக்கிறார். ரயில்வே மேம்பாலத்தை நின்று நின்று ஏறுகிறார். முழங்காலில் கையூன்றி முன்குனிந்து உட்காருகிறார். உதட்டைக் குவித்து மெல்ல ஊதுகிறார். நுரையீரல் நோயாளிகளுக்கான பயிற்சிகளில் இன்று சொல்லித் தரப்படுவதும் இவைதான். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் இந்த 'விளிம்பின் அறிவை'க் கொண்டாடிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பதும், மூக்கில் ஈரத்துண்டு போதும் என்பதும் பட்டறையில் புழங்கும் அறிவுதான். நுரையீரலின் அடியறைக்குப் போய்விட்ட நுண்துகளை வெல்லம் தொடாது. அப்படிப் படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். காசம் தீர்ந்த பிறகும் இளைப்பு நிற்கலாம்.

பதற்றமே மூச்சை அடைப்பதும் உண்டு, அது நடிப்பல்ல. காரணம் பிடிபடாத இளைப்பும் உண்டு. நான் கேட்பது வரிசையைத்தான். என்ன வேலை, எத்தனை வருஷம், என்ன தூசி: இந்த மூன்றும் ஓ.பி. சீட்டில் எழுதப்பட்ட பிறகு 'காரணம் தெரியவில்லை' என்று ஒரு மருத்துவர் சொன்னால், நான் ஏற்றுக்கொள்கிறேன்.