தொலைஞ்சு போன ஒரு 'ஆர்'

நம்ம சேர்வராயன் மலைக்கு ஆங்கிலத்துல பேரு ஷெவராய். நடுவுல இருந்த 'ர்' எங்கே போச்சு? வெள்ளைக்காரர் வாயில சிக்கிக் காணாம போச்சு. ஏற்காட்டுக்கு நேர் எதிர்க்கதை. ஆங்கிலத்துல முன்னாடி ஒரு 'ஒய்' கூடுதல். நாம பேசும்போது 'ஏ' லேசா 'யே' ஆகுமில்லையா, அதைக் கேட்டு அப்படியே எழுதியிருப்பாங்க போல. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இங்கே காபி கொண்டுவந்தார். அப்புறம் மேப்பு, பத்திரம், போர்டுன்னு பேர் பரவிடுச்சு. இனி யார் திருத்த?

இணையத்துலயும் இதே கதைதான் மக்களே. ஒரு சுட்டியை அமுக்கினா, எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தீங்கன்னு பிரவுசர் சர்வருக்குச் சொல்லும். அந்தத் தகவலுக்குப் பேரு 'ரெஃபரர்'. ஆங்கிலத்துல நடுவுல ரெண்டு 'ஆர்' வரணும். பிலிப் ஹாலம்-பேக்கர் முன்மொழிஞ்சப்ப ஒண்ணு விட்டுப்போச்சு. 1996-ல ஹெச்டிடிபி 1.0 ஆவணம் (ஆர்எஃப்சி 1945) வர்றதுக்குள்ள ஊரெல்லாம் அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சாச்சு. மாத்தினா பழைய புரோகிராம் எல்லாம் படுத்துடும். 2022-ல வந்த ஆர்எஃப்சி 9110-லயும் அதே பிழைதான். கூத்து என்னன்னா, பின்னாடி வந்த 'ரெஃபரர் பாலிசி'யில ரெண்டு 'ஆர்' சரியா இருக்கு! ஒரே நெறிமுறை, ஒரே சொல், ரெண்டு எழுத்துக்கூட்டல். புதுசா புரோகிராம் எழுதுறவன் தலையைப் பிச்சுக்க வேண்டியதுதான்.

தமிழும் தப்பலை. யூனிகோடுல நம்ம ஆய்தத்துக்கு வச்ச பேரு 'விசர்கா'. அது வடமொழிக் குறி, ஆய்தம் வேற. ஆனா ஒருதரம் வச்ச பேரை மாத்தறதில்லைங்கறது யூனிகோடு விதி. பக்கத்துல 'ஆய்தம்'னு ஒரு குறிப்பு மட்டும் போட்டிருக்காங்க. 'ழ'வுக்குப் பேரு மூணு 'எல்' போட்ட 'ளா'. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே முறைங்கற வகையில சீரா இருக்கு, சரி. ஆனா எந்தத் தமிழனுக்குப் பார்த்ததும் புரியும்?

2020 ஜூன்ல தமிழக அரசு 1,018 ஊர்களோட ஆங்கில எழுத்துக்கூட்டலை மாத்தி அரசாணை வெளியிட்டுது. கோயம்புத்தூரோட புது நீளத்தைப் பார்த்து ஜனங்க மிரண்டாங்க. சில நாள்லயே வாபஸ்!

பேருங்கறது முன்பின் தெரியாதவங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். முதல் ஆள் பயன்படுத்தறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் யோசிச்சா போதும். அதுக்கப்புறம்னா அரசாணையே போட்டாலும் கஷ்டம்தான்.