நல்ல மைக் வரட்டும் எண்டு இருந்தால்: கிற்றார் ஒலியின் கைவேலை வரலாறு

எங்கட நண்பன் ஒருவன் நன்றாகக் கிற்றார் வாசிப்பான். அவனிடம் இருந்தது கழுத்துக் கொஞ்சம் வளைந்த பழைய கிற்றார். அதை வைத்தே எட்டுப் பாட்டுச் சொந்தமாகக் கட்டியிருந்தான். பின்னேரங்களில் மொட்டை மாடியில் இருந்து பாடுவான், நாங்கள் தாளம் போடுவோம். "ஒருக்கா ரெக்கோர்ட் பண்ணுவமடா" என்று எத்தனையோ தரம் கேட்டோம். "இந்தக் கிற்றார்ல சவுண்ட் சரியில்லை, நல்ல மைக்கும் வேணும், கொஞ்சம் பொறுங்கோடா" என்பான்.

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. அவன் பார்த்து வைத்திருந்த கிற்றார் கை எட்டாத விலைக்குப் போனது. அடுத்த வருடம் அவனும் வெளிநாடு போய்விட்டான். இப்போது நாங்கள் கூடும்போது அந்த எட்டில் இரண்டு பாட்டுத்தான் முழுதாக வருகிறது. அவனைக் கேட்டால், "ரெண்டு ஷிப்ட் வேலை மச்சான், எனக்கும் மறந்து போச்சு" என்கிறான்.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் நாங்கள் ஒரு கேள்வியைத் தேடத் தொடங்கினோம். "நல்ல சவுண்ட்" என்று நாங்கள் எல்லாரும் சொல்கிறோமே, அது எங்கே இருந்து வந்தது? அதை யார் செய்தார்கள்? தேடப் போனால் ஒரு வேடிக்கையான விடயம் தெரிந்தது. இன்று பெரிய காசு கொடுத்து வாங்கும் கிற்றார் ஒலிகளில் பல, வீட்டில் கிடந்த சாமானை வைத்து யாரோ ஒருவர் செய்த கைவேலையில் பிறந்தவை.

முதலில் அந்தக் கரகரப்பை எடுப்போம். ரொக் இசையின் அடையாளமே அதுதான். கிற்றார் கம்பி அதிரும்போது வரும் சின்ன மின்னலையை அம்பிளிபயர் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அது தாங்கும் அளவுக்கு மேலே போனால் அலையின் உச்சி வெட்டுப்படும், மூலச் சுரத்தோடு வேறு சுரங்களும் சேரும், ஒலி தடித்துக் கரகரக்கும். 1950களில் இது பெரும்பாலும் தவிர்க்க வேண்டிய ஒரு பழுது. ஆனால் 1958 இல் லிங்க் ரே என்ற அமெரிக்கக் கிற்றார்காரர் தன் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார், அந்தப் பழுது தனக்கு வேண்டும் என்பதற்காகவே. அப்படிப் பதிந்த 'ரம்பிள்' என்ற இசையில் ஒரு சொல்கூட இல்லை. அப்படியிருந்தும் அது இளைஞர்களைச் சண்டைக்குத் தூண்டும் என்று அமெரிக்காவின் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன.

1960களின் தொடக்கத்தில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் கலவைப் பலகையின் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பகுதி புர்ரென்று கேட்டது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். அந்தப் பழுதைப் போலவே ஒலிக்கும் சுற்று ஒன்றை ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி உருவாக்க, கிப்சன் நிறுவனம் அதை 1962 இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற காலால் அமத்தும் பெட்டியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1964 இல் லண்டனில், கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் அப்படியொரு பெட்டி இல்லாமலே காரியத்தை முடித்தார். வயது 17. தன் சின்ன எல்பிக்கோ அம்பிளிபயரின் ஸ்பீக்கரைச் சவர அலகால் கீறி, அதைப் பெரிய அம்பிளிபயர் ஒன்றோடு இணைத்தார். அந்த ஒலியோடு வந்த பாட்டு அந்த வருடமே பிரித்தானியாவில் முதலிடத்துக்குப் போனது.

லண்டனின் இன்னொரு பக்கத்தில், ஃபெல்தமில், 1963 ஓகஸ்ட்டில் 16 வயதுப் பெடியன் ஒருவன் தகப்பனோடு சேர்ந்து ஒரு கிற்றார் செய்யத் தொடங்கியிருந்தான். பெயர் பிறையன் மே. கடையில் தொங்கிய ஃபெண்டரும் கிப்சனும் வாங்க வீட்டில் வசதி இல்லை. யாரோ கழித்துவிட்ட நூறு வருடப் பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம் கிற்றாரின் கழுத்தானது. அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். பழைய மேசையின் ஓக் மரம் உடலுக்குப் போனது. சுரத்தை அசைக்கும் பொறிக்குக் கத்தி அலகு ஒன்றும் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டும். அதன் கைபிடி சைக்கிள் பை தாங்கியிலிருந்து, நுனி அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து. விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் புள்ளிகள் அம்மாவின் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். வேலை முடிய ஏறக்குறைய இரண்டு வருடம் எடுத்தது. குயீன் குழுவின் பாட்டுகளில் நாங்கள் கேட்பது இந்தக் கிற்றாரைத்தான். பிளாஸ்டிக் துண்டுக்குப் பதிலாக அவர் ஆறு பென்ஸ் நாணயத்தால் கம்பியைத் தட்டுவார்.

அதே குழுவின் பேஸ் கிற்றார்காரர் ஜோன் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். 1970களின் தொடக்கத்தில் லண்டன் வீதியோரக் குப்பைத் தொட்டி ஒன்றில் ஒரு மின்சுற்றுப் பலகையைக் கண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். புத்தகத் தட்டில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் அதைப் பூட்டி, 9 வோல்ட் பற்றரியில் ஓடவிட்டார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகூட அதில் இல்லை. 1975 இல் வந்த 'எ நைட் அட் தி ஒப்பெரா' தொகுப்பில் ஒரு பாட்டில் பழைய ஜாஸ் குழுவின் ஊதுகருவிகள் போலக் கேட்கிறதே, அது முழுக்க மேயின் கிற்றாரும் இந்தக் குப்பைத் தொட்டி அம்பிளிபயரும்தான்.

பர்மிங்ஹாமில் நடந்தது வேறு மாதிரி. டொனி ஐயோமி இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 17 வயதில், வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் இயந்திரத்தில் போனது. அவர் இடக்கைக்காரர் என்றபடியால் கம்பியை அழுத்துவது அந்தக் கைதான். வைத்தியர்கள் இனி வாசிக்க ஏலாது என்றார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். தீக்காயத்தால் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் உலகமே வியக்க வாசித்தவர் அவர். ஐயோமி வீட்டுக்குப் போய், கோப்பை கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல் தொப்பி செய்தார், அதன்மேல் தோல் ஒட்டினார். தடித்த கம்பி வலித்ததால் மெல்லிய பான்ஜோக் கம்பியைப் பூட்டினார். பிறகு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1970 இல் வெளிவந்த பிளாக் சபத் குழுவின் முதல் தொகுப்பிலிருந்து ஹெவி மெட்டல் என்ற இசை வகையே தொடங்குகிறது என்பார்கள். சுருதி இறக்கிய அந்தக் கனத்த ஒலியை இன்றைக்கும் எத்தனையோ குழுக்கள் பின்பற்றுகின்றன.

இதையெல்லாம் வாசித்துவிட்டு "அப்ப வறுமைதான் நல்ல ஒலியைத் தரும்" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. மேயின் தகப்பன் ஒரு மின்னணுப் பொறியியலாளர். வீட்டில் ஆயுதங்கள் இருந்தன, கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது, இரண்டு வருடம் ஒதுக்க நேரம் இருந்தது. ஐயோமிக்குப் பட்டறைக் கை இருந்தது. இது எதுவும் இல்லாத எத்தனை பேர் கிற்றாரைச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. ஆனால் ஒன்றைக் கவனித்தோம். இவர்களில் ஒருவரும் சரியான சாமான் வரும்வரை பாட்டை நிறுத்தி வைக்கவில்லை.

ஒலி செய்வது ஒரு பாதி என்றால், பதிவது மற்றப் பாதி. 1979 இல் ரியாக் நிறுவனம் சாதாரண கசற்றில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. அதுவரை அப்படிப் பதிவதென்றால் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குத்தான் போக வேண்டும், மணிக்கணக்குக்குக் காசு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜேர்சியில் தான் இருந்த வீட்டின் படுக்கையறையில் அந்தப் பெட்டியையும் சாதாரண மைக்குகளையும் வைத்துப் பாடினார். அவர் ஏழையில்லை. எந்தக் கூடத்தையும் எடுக்கக்கூடிய நட்சத்திரம். குழுவுக்குக் காட்ட ஒரு மாதிரி தேவை என்றுதான் பதிந்தார். பிறகு முழுக் குழுவோடும் கூடத்தில் அந்தப் பாட்டுகளை வாசித்துப் பார்த்தபோது அறைக்குள் இருந்த தனிமை வரவில்லை. உறைகூட இல்லாமல் அவர் கொண்டு திரிந்த அந்தக் கசற்தான் கடைசியில் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டானது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது எலிசபெத் கொட்டனின் கதை. வட கரோலினாவில் 1890களில் பிறந்த கறுப்பினப் பெண். சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில், 3 டொலர் 75 சதத்துக்கு ஒரு கிற்றார் வாங்கினார். அவரும் இடக்கைக்காரர். கம்பியை மாற்றிப் பூட்டாமல் கிற்றாரையே தலைகீழாகப் பிடித்தார். அதனால் மெட்டைப் பெருவிரலும் அடிச்சுரத்தை மற்ற விரல்களும் வாசித்தன. இன்று அந்த முறைக்கு அவர் பெயரே வழங்குகிறது. 11, 12 வயதில் 'ஃபிரெயிட் ட்ரெயின்' என்ற பாட்டைக் கட்டினார். பிறகு கலியாணம், பிள்ளை, தேவாலயம், வேலை என்று பல பத்தாண்டுகள் கிற்றாரைத் தொடவே இல்லை. வயதான பிறகு சீகர் என்ற இசைக் குடும்பத்தின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சுவரில் தொங்கிய கிற்றாரை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அந்த வீட்டு மகன் மைக் சீகர் ரேப் ரெக்கோடரைக் கொண்டுபோய் அவரது வீட்டில் வைத்தே பதிந்தார். 1958 இல் இசைத்தட்டு வந்தது. அதற்குள் அந்த வீட்டு மகள் இங்கிலாந்தில் பாடியதைக் கேட்ட வேறு இருவர், 'ஃபிரெயிட் ட்ரெயின்' பாட்டைத் தங்கள் பெயரில் பதிந்துவிட்டிருந்தார்கள். போராடித்தான் கொட்டனின் பெயரும் அதில் சேர்ந்தது. கிராமி விருது வந்தபோது அவருக்கு 90 வயது தாண்டியிருந்தது.

ஒரு சிறுமி கட்டிய பாட்டு அரை நூற்றாண்டு அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அந்த ரேப் ரெக்கோடர் வராவிட்டால் அந்தப் பாட்டோடு அவருடைய பெயரும் சேர்ந்து நிற்குமா என்பது சந்தேகம்தான்.

எங்கட பக்கத்திலும் இது புதுக்கதை இல்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரோடும் பைலாத் தாளத்தோடும் எங்கட பேச்சுத் தமிழிலேயே பொப் பாட்டுப் பாடினார்கள். அவை வானொலியிலும் இசைத்தட்டிலும் ஏறியபடியால்தான் இன்றைக்கும் கலியாண வீட்டில் பாடப்படுகின்றன. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. அம்மா அப்பாக்களிடம் கேளுங்கோ, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் கசற் கேட்ட கதையைச் சொல்வார்கள். கை களைத்தால் பாட்டு இழுபடும், அடுத்தவர் வந்து சுற்றுவார். டீக்கனின் பெட்டியைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு உடனே நினைவு வந்தது அந்தச் சைக்கிள்தான்.

போன மாதம் அந்த இரண்டு பாட்டையும் நாங்கள் பதிந்தோம். கருவி கைபேசிதான். உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து, எதிரொலி குறைய மெத்தையைச் சுவரில் சாத்தி, மின்விசிறியை நிற்பாட்டினோம். கழுத்து வளைந்த அதே கிற்றாரை அவன் எங்களிடம்தான் விட்டுப் போயிருந்தான். மேலே பிடித்தால் சுருதி விலகும் என்பதால் கீழேயே வாசித்தோம். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு ஆட்டோ போகிற சத்தம் கேட்கிறது. திரும்பப் பதிவமா என்று கதைத்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அவனுக்கு அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ரயில் போகிற இரைச்சல், வேலை முடிந்து வருகிறான் போல. கிற்றார் இல்லாமல், மெல்லிய குரலில், நாங்கள் மறந்தே போயிருந்த மூன்றாவது பாட்டின் சரணத்தைப் பாடியிருந்தான்.

இன்னும் ஐந்து பாட்டு இருக்கு. உங்களிட்டயும் அப்படி ஏதும் இருந்தால், இண்டைக்கே பதிந்து வையுங்கோ.